பருப்பு அவியாத தண்ணீரில் கழுவிய கார்

கார் சொட்டிக்கொண்டிருந்தது.

வங்காலையில், பேர்ணதெத் ரீச்சரின் வீட்டு முற்றத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கழுவி அரை மணித்தியாலம்கூட ஆகியிராது. வெள்ளை ஸ்டேஷன் வேகன். வெயில் பட்டுக் கண் கூசியது. நான் நின்றபடி அதன் கூரையையும் கண்ணாடிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் ஜெனிற்றா சக்கரக் கதிரையில் இருந்தபடி அதன் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒருக்காக் குனியுங்கோ."

"ஏன் பிள்ளை?"

"தண்ணி என்ன நிறத்தில விழுகுதெண்டு பாருங்கோ."

குனிந்தேன். முற்றத்து மணல் வெள்ளை மணல். அதில், பின் கதவுக்கு நேர் கீழே, வெறுந்தேநீரின் நிறத்தில் சிறு சிறு வட்டங்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சொட்டு விழுந்து இன்னொரு வட்டம் ஆயிற்று.

கையை நீட்டிக் காரின் கீழ் விளிம்பைத் தடவினேன். பெரிதாக அழுத்தவில்லை. விரல் நீளத்தில் ஒரு இரும்புச் செதில் கழன்று கையோடு வந்தது.

உள்ளே ரீச்சர் தேநீர்க் கோப்பைகளை எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது. நான் அந்தச் செதிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளக்கம் இல்லை. தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். கையில் கிடைத்ததைப் பத்திரப்படுத்துவது பழகிப்போயிற்று.

அன்று நாங்கள் போனது காரைப் பார்க்க அல்ல. முற்பணம் கொடுக்க.

தேதிகளைக் கொப்பியிலே விட்டுவிட்டேன்

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் வியாதி தெரியும். போன மாதம் ஒரே பந்தியில் மூன்று தேதிகள் எழுதியிருந்தேன். பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, இது நினைவுக் குறிப்போ, கலண்டரோ?" என்று கேட்டார்.

சின்னத் தபாற்கந்தோர்தான் என்னுடையது. ஆனால் அங்கும் காலையில் முதல் வேலை முத்திரையின் தேதியை மாற்றுவது. நேற்றைய தேதியோடு ஒரு கடிதத்தில் குத்திவிட்டால் அதற்குப் பிறகு அன்று முழுவதும் ஒன்றும் சரியாக நடக்காது என்பது என் நம்பிக்கை. ஓய்வுபெற்ற பிறகும் விடியற்காலையில் எழுந்தால் கை எதையோ திருப்பத் தேடும். அதனால்தான் எழுதுகிறேன் போலிருக்கிறது.

ஆசிரியருக்கு மதிப்புக் கொடுத்து, இம்முறை தேதிகளை என் கொப்பியிலேயே விட்டுவிட்டேன். இது நடந்து அதிக காலம் ஆகவில்லை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுத் தொடங்கிய நேரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தாம்போதியில் தனியே ஓடிய கதிரை

ஜெனிற்றாவுக்கு ஆசிரிய நியமனம் கிடைத்திருந்தது. பாடம் கணிதம். பள்ளிக்கூடம் விடத்தல்தீவுப் பக்கம். நாங்கள் இருப்பது தோட்டவெளியில். மன்னார்த் தீவிலிருந்து, கடல்மேல் போகிற தாம்போதி வீதியைக் கடந்து பெருநிலத்துக்குப் போய், வடக்கே திரும்பி, உவர் வெளிகளுக்கு நடுவால் ஓட வேண்டும். காரில் ஒரு மணித்தியாலத்துக்குள் போகலாம். கார் இல்லாவிட்டால்தான் அது தூரம்.

அவள் ஏழு வயதிலிருந்து நடப்பதில்லை. எங்கள் பக்கத்தில் அந்த யுத்த வருடங்களில் பிள்ளையாக இருந்த ஒருவருக்கு முதுகில் எப்படிக் காயம் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு அவள் படித்த படிப்பையும், எழுதிய சோதனைகளையும், ஏறாத படிகளையும் எழுதினால் இந்தத் தொடர் இன்னும் இரண்டு வருடம் ஓடும்.

கடிதத்தில் கடமையேற்க வேண்டிய நாள் இருந்தது: இரண்டாம் தவணையின் முதல் நாள். அன்றைக்குப் போய்க் கையெழுத்து வைக்காவிட்டால் நியமனம் இல்லை. இந்த ஒரு தேதியை நான் கொப்பியில் எழுதவில்லை. எழுதாமலே நித்திரையிலும் தெரிந்தது.

பஸ் சரிவராது. நடத்துநர்கள் நல்ல பெடியள், தூக்கி ஏற்றுவார்கள். ஆனால் நாளுக்கு இரண்டு தரம் யாரோ தூக்கி இறக்குகிற ஒரு ரீச்சரைப் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவள் கேட்டாள்.

எனவே ஓட்டோவில் ஒருநாள் ஒத்திகை பார்த்தோம். அவளும் நானும் உள்ளே. கதிரை கூரையில், கயிற்றால் கட்டியபடி. அவளுடைய முதுகுக்கு மடிக்கிற கதிரை ஆகாது. அது மடியாத இரும்புச் சட்டம். தாம்போதியின் நடுவில் சோளகம் பக்கவாட்டில் அடித்தது. மேலே "டொக்" என்று ஒரு சத்தம். கதிரை பின்னால் விழுந்தது. விழுந்ததும் சில்லுகளில் நிமிர்ந்து நின்று, காற்றில் தானாக ஓடத் தொடங்கியது.

ஓட்டோக்காரர் இறங்கி ஓடினார். நான் அவருக்குப் பின்னால் ஓடினேன். எதிரே வந்த மீன் லொறியொன்று நின்று வழிவிட்டது. ஆளில்லாத சக்கரக் கதிரை கடல் நடுவில் வீதியால் போவதை லொறியின் மேல் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

கதிரையோடு திரும்பி வந்தபோது ஜெனிற்றா கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இல்லாமலே வேலைக்குப் போயிட்டுது அப்பா!"

ஒரு சில்லின் விளிம்பு நெளிந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் அவள் சிரிப்பும் நின்றுவிட்டது. அன்று மாலை நான் கார் தேடத் தொடங்கினேன்.

கருவாட்டு மணமகள்

ஏன் ஸ்டேஷன் வேகன்? இதற்கு ஜெனிற்றா அளவுகோல் வைத்து விளக்கம் சொன்னாள். வான் வண்டியின் இருக்கை உயரம். அவளால் ஏற முடியாது. சாதாரணக் காரின் இருக்கை சரி. ஆனால் கதிரை உள்ளே போகாது. வேகனின் முன் இருக்கை கதிரையோடு ஒரே உயரம். நடுவில் ஒரு பலகையை வைத்தால் கையை ஊன்றி நகர்ந்துவிடுவாள். பின்னால் கதவு மேலே திறக்கும். கதிரையை நிமிர்ந்தபடியே உருட்டி ஏற்றலாம்.

எனக்கோ வேகன் என்றால் வேறொரு ஞாபகம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ப்பக்கம் ஒரேயொரு ஸ்டேஷன் வேகன் இருந்தது. கருவாட்டு வியாபாரி ஒருவருடையது. பின்பக்கம் மரச்சட்டம் வைத்த பழைய வண்டி. கிழமை நாட்களில் கருவாடு போகும். அவசரத்துக்கு நோயாளி போவார். சனிக்கிழமைகளில் மணமகளும் போவாள்.

என் சின்னம்மா கலியாணத்துக்கு அதில்தான் மாதா கோவிலுக்கு வந்தார். முதல் நாளே சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, இருக்கைமேல் வெள்ளைச் சீலை விரித்து, மல்லிகைப் பூவும் கட்டியிருந்தார்கள். சின்னம்மா பீடத்தை நோக்கி நடந்தபோது கோவில் பூனையும் பின்னால் நடந்தது. சித்தப்பா சாகும்வரை சின்னம்மாவைப் பிரியமாக, கருவாட்டு மீனின் பெயர் சொல்லி, "கட்டாப் பாரை" என்றுதான் கூப்பிட்டார்.

ரீச்சரின் கொப்பி

பேர்ணதெத் ரீச்சர் வங்காலையில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எழுபது வயதைத் தாண்டியும் தானே கார் ஓட்டியவர். பிள்ளைகளைச் சோதனைக்கு, விளையாட்டுப் போட்டிக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று அந்த வேகனில் ஏற்றி இறக்கியவர். கண் டொக்டர் இனி ஓட்ட வேண்டாம் என்று சொன்னதால் விற்க முடிவுசெய்திருந்தார்.

முதல் தடவை நான் தனியேதான் போய்ப் பார்த்தேன். ஜெனிற்றாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. இன்னொரு ஓட்டோப் பயணம் எதற்கு என்று நினைத்தேன். அவளுக்கான காரை அவள் இல்லாமல் பார்க்கப் போனதுதான் என் முதல் பிழை.

"ரெண்டு பேர் வந்து கேட்டவை, மாஸ்டர்," என்றார் ரீச்சர். தபாற்கந்தோர்க்காரர் என்பதால் எல்லோருக்கும் நான் மாஸ்டர்தான். "குடுக்கேல்லை. மீன் பெட்டி ஏத்தப்போகினமாம். ஐஸ் உருகி உப்புத்தண்ணி உள்ளுக்க நிண்டா, கார் எத்தினை நாளைக்கு?"

"வேற என்னவும் பிழை இருக்கோ ரீச்சர்?"

"பிழையோ? இருங்கோ." உள்ளே போய் ஒரு தடித்த கொப்பியைக் கொண்டுவந்தார். "எல்லாம் இதில கிடக்கு."

அந்தக் கொப்பியைத் திறந்த நிமிடத்தில் நான் காரை வாங்கிவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். பதினைந்து வருடத்துக்கு மேலான வரலாறு. சிவப்பு மையால் கோடு போட்டு ஆறு கட்டங்கள்: தேதி, போன இடம், ஓடிய தூரம், பெற்றோல், பழுது, கழுவியது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு வரியிலும் மணி மணியான எழுத்தில் "ஓம்", "ஓம்", "ஓம்".

"ஒவ்வொரு நாளுமோ கழுவுவியள்?"

"பூசையால வந்த உடன முதல் வேலை அதுதான். கடற்காத்து உப்பு, மாஸ்டர். மேல மட்டும் கழுவிக் காணாது. ஓஸ் பைப்பை அடியில விட்டு நல்லா அடிக்கோணும்."

நான் தலையாட்டினேன். இப்படி ஒருவரைச் சந்திக்க எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று நினைத்தேன். சாவியைத் தந்தார், தேவாலயம்வரை ஓட்டிப் பார்த்தேன். எஞ்சின் முணுமுணுப்பே இல்லை. காரின் அடியை நான் பார்க்கவில்லை. பொருளைவிடப் பொருளைப் பற்றிய எழுத்தை நம்புவது என் பழைய குறைபாடு.

அடுத்த செவ்வாய்க்கிழமை முற்பணத்தோடு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்போதுதான் அவள் கண்ணுயரத்தில் அந்தச் சொட்டு விழுந்தது.

சட்டைப் பைக்குள் ஒரு செதில்

தேநீரைக் குடித்துவிட்டு, "நாளைக்குச் சொல்லுறம் ரீச்சர்," என்று எழுந்து வந்தோம். ரீச்சரின் முகம் கொஞ்சம் மாறியது. முற்பணம் என்று நான்தான் தொலைபேசியில் சொல்லியிருந்தேன்.

வீட்டில் செதிலை மேசையில் வைத்தேன். என் மனைவி பிலோமினா அதைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் அது நொறுங்கி மேசைச் சீலையில் கொட்டியது.

"இதென்ன, காரோ பிஸ்கற்றோ?"

"வேண்டாம் எண்டு சொல்லப்போறன்," என்றேன்.

"சொல்லுங்கோ. ஆனா அந்த மனிசிக்கு ஏன் எண்டு சொல்லாதேங்கோ. கண்ணும் தெரியேல்லை, காரும் போகுது. வேற கார் கிடைச்சிட்டுது எண்டு ஒரு பொய்யைச் சொல்லிவிடுங்கோ. வாற ஞாயிறு நான் பாவசங்கீர்த்தனம் செய்யிறன்."

"நான் சொல்லுற பொய்க்கு நீர் ஏன் செய்யோணும்?"

"நீங்கள் தேதியெல்லாம் சொல்லி அந்தப் பாவப்பட்ட சுவாமியாரை மினக்கெடுத்துவியள்."

ஜெனிற்றா சிரிக்கவில்லை. அவள் நொறுங்கிய தூளை ஒரு விரலால் ஒரு கோடாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். தவணை தொடங்க மூன்று கிழமைகூட இல்லை. இரண்டு கிழமை தேடியதில் அவள் அளவுக்குப் பொருந்திய ஒரே வண்டி அது.

"பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒரு அறை எடுத்து இருக்கலாம்," என்றேன்.

"எந்த வீட்டுக் கக்கூசுக்குள்ள இந்தக் கதிரை போகும் அப்பா? சொல்லுங்கோ, போறன்."

வெளியே காற்றில் பனை ஓலைகள் அடித்துக்கொண்டன.

"எனக்கு வடிவான கார் வேண்டாம்," என்றாள். "போய்வர ஒரு வழி வேணும். மெக்கானிக் றசீன் நானாவை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவம். சாகப்போகுதெண்டாலும் அதை டொக்டர் சொல்லட்டும். நீங்களும் நானும் சொல்லக்கூடாது."

சத்தத்தைக் கேட்கிறவர்

றசீன் நானா மன்னார் பட்டினத்தில் கராஜ் வைத்திருக்கிறார். கார்களைப் பார்ப்பதற்கு முன் தட்டிப்பார்ப்பார். மறுநாள் காலை வங்காலைக்கு வந்து, "ஸலாம் ரீச்சர், ஒரு பத்து நிமிஷம்," என்று சொல்லிவிட்டு, மணலில் ஒரு சாக்கை விரித்து வேகனுக்கு அடியில் போனார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டு போனார். முன்பக்கம் "டிங்". நடுவில் "டிங்". பின்பக்கம் போகப் போகச் சத்தம் மாறியது. "டப்." பிறகு சத்தமே இல்லை. ஸ்குரூ டிரைவர் உள்ளே போய்விட்டது.

வெளியே வந்து தலைமயிரில் இருந்த துருவைத் தட்டினார். ரீச்சர் விறாந்தையில் இருந்ததால் குரலைத் தாழ்த்தினார்.

"மாஸ்டர், எஞ்சின் தங்கம். கியர் பொட்டி தங்கம். அடியில ஓடுற சட்டம் ரெண்டும் நிக்குது, அல்லாஹ் காவல். பின் தளம் மட்டும் முடிஞ்சு. மேல பெயின்ட் பிடிச்சு வெச்சிருக்கு, அவ்வளவுதான்."

"மீன் ஏத்தாத கார், நானா. இப்பிடி எப்பிடி?"

"மீன் ஏத்தின கார்கூட இப்பிடிக் கெட நாளாகும். இது ஒவ்வொரு நாளும் உப்புத்தண்ணியில குளிச்ச கார்." முற்றத்து மூலையில் இருந்த கிணற்றை நாடியால் காட்டினார். "அந்தத் தண்ணியை நாக்கில வெச்சுப் பாருங்க."

எனக்குப் புரிய ஒரு கணம் எடுத்தது. ஜெனிற்றாவுக்கு எடுக்கவில்லை. அவள் விறாந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மன்னார்க் கரையைப் பற்றிப் பழைய காலத்துப் பயணக் குறிப்புகள் பலவற்றை வாசித்திருக்கிறேன். எழுதியவர்கள் வெயிலை மன்னித்தார்கள்; மணலையும் மன்னித்தார்கள்; தண்ணீரை மட்டும் ஒருவரும் மன்னிக்கவில்லை. கடற்காற்றின் உப்பு காரைத் தின்றுவிடும் என்று பயந்து, உவர்க் கிணற்றுத் தண்ணீரைக் குழாயில் ஏற்றி, அதன் அடிவயிற்றில் நாள்தோறும் அடித்திருக்கிறார் ரீச்சர். அந்தக் கரையில் வேறு எவரும் இவ்வளவு ஒழுங்காக ஒரு காரைக் கழுவவில்லை. அதனால்தான் வேறு எவரின் காரும் இவ்வளவு கெடவில்லை.

கிணற்றடியில்

பிலோமினா சொல்லித்தந்த பொய் என் நாக்கில் இருந்தது. அதைச் சொல்வதற்காக விறாந்தைக்குப் போனேன். ஜெனிற்றா என் பின்னால் மணலில் சில்லுகளைத் தள்ளித் தள்ளி வந்தாள். ரீச்சரின் மடியில் அந்தக் கொப்பி இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கண்ணால் எவ்வளவு தெரிந்ததோ தெரியாது.

"என்ன மாஸ்டர், நானா அடியில போய் நித்திரையாயிட்டாரெண்டு நினைச்சன். என்னவாம்?"

நான் வாயைத் திறந்தேன். கொப்பியைப் பார்த்தேன். பொய் வரவில்லை. அப்படி ஒரு கொப்பி எழுதிய ஒருவருக்குப் பிழையான ஒரு பதிவைக் கொடுக்க என்னால் முடியவில்லை.

"ரீச்சர், பின் தளம் துருப்பிடிச்சுப் போட்டுது."

"துருவோ? என்ர காரோ?" நிமிர்ந்து இருந்தார். "நான் கழுவாத நாளில்லை!"

ஜெனிற்றாவின் கதிரை கிணற்றுப் பக்கம் திரும்பியது. ரீச்சருக்கு அதுவே போதுமாக இருந்தது. ரீச்சர் கொப்பியைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்து, கையால் சுவரைத் தடவித் தடவிக் கிணற்றடிக்குப் போனார். வாளியில் இருந்த தண்ணீரில் கையை நனைத்து, விரலை வாயில் வைத்தார். அப்படியே நின்றார்.

"இந்தத் தண்ணியில பருப்பு அவியாது," என்றார், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. "சவர்க்காரம் நுரைக்காது. ஒரு நாளாவது இதில நான் தேத்தண்ணி வைச்சனோ? சமையலுக்குக் கான்ல நல்ல தண்ணி எடுப்பிக்கிறன். காருக்கு இதை விட்டனான்."

திரும்பினார். அழுவார் என்று நினைத்தேன். அவர் ஜெனிற்றாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"பிள்ளை, நீயும் கணக்கு ரீச்சர்தானே. ஒருத்தி அச்சுப்போல எழுத்தில, கோடு கீறி, ஒரு வரி வெட்டாமல் கணக்குச் செய்திருக்கிறாள். விடை பிழை. எவ்வளவு போடுவாய்?"

ஜெனிற்றா யோசித்தாள்.

"வழிமுறைக்குப் புள்ளி உண்டு ரீச்சர்."

"எத்தினை?"

"எஞ்சினுக்கு முழுப் புள்ளி. கியருக்கு முழுப் புள்ளி. தளம் மட்டும்தான் சைபர். அதைத் திரும்பச் செய்யலாம்."

அப்போதுதான் ரீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு, "அப்ப நான் இன்னும் பெயில் இல்லை," என்றார்.

நான் இடையில் புகுந்து, "திரும்பச் செய்யிறதோ? பிள்ளை, நாங்கள் வேண்டாம் எண்டுதானே..." என்று தொடங்கினேன். ஜெனிற்றா என் பக்கம் திரும்பவே இல்லை.

"றசீன் நானா, அந்தப் பின் தளத்தை எப்பிடியும் வெட்டத்தானே வேணும்? எனக்குப் பின் சீற் வேண்டாம். என்ர கதிரை நிக்கிறதுக்குத் தட்டையா ஒரு தளம் வேணும். நல்ல கார் எண்டாலும் அதை வெட்டித்தான் செய்யோணும். நல்லதை வெட்டுறதுக்குப் பதிலா இதை வெட்டுவம்."

நானா தலையைச் சொறிந்தார். "புள்ள சொல்றது நியாயம். ஆனா புதுத் தகடு போட்டாலும் உங்க ஊர்க் காத்துக்கு அது எத்தினை நாள்?"

"தகட்டுக்கு மேல, வள்ளத்துக்குப் பூசிற பைபர் போட்டா?" என்று கேட்டாள் ஜெனிற்றா.

வள்ளத்துத் தளம்

வங்காலைக் கரையில் பைபர் வள்ளங்களைத் திருத்துகிற அன்ரன், ரீச்சரிடம் படித்தவன். ரீச்சர் ஒரு சத்தம் போட்டதும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, காரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"கடலில ஓடப்போறியளோ மாஸ்டர்?"

"தாம்போதியில."

"ரெண்டும் ஒண்டுதான்."

வேலை பத்து நாள் நடந்தது. முதலில் றசீன் நானா பின் தளம் முழுவதையும் வெட்டி எடுத்தார். அடியில் இருந்த இரண்டு சட்டங்களுக்கும் குறுக்கே தடித்த இரும்புத் தகட்டை வெல்டிங் வைத்து ஒட்டினார். தாங்குவது இரும்பாக இருக்க வேண்டும், மூடுவது மட்டும்தான் பைபர் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அதன்மேல் அன்ரன் வள்ளத்துக்குப் போடுவது போலவே நார்ப் பாயை விரித்து, பசையைப் பூசி, காயவிட்டு, மறுபடி விரித்துப் பூசினான். அந்த மணத்தில் முற்றத்துக் கோழிகள் அடுத்த வளவுக்குக் குடிபெயர்ந்தன.

ஜெனிற்றா இரண்டு தரம் வந்தாள். தன் கதிரையின் சில்லுகளுக்கு நடுவில் உள்ள அகலத்தை மில்லிமீற்றரில் எழுதிக் கொடுத்தாள். அன்ரன் அந்த அளவில் தளத்தில் இரண்டு வாய்க்கால்களை வார்த்தான். கதிரையை உருட்டிவிட்டால் அவற்றில் போய் இறங்கி நிற்கும். எந்தக் காற்றும் அசைக்காது. மிச்சமிருந்த வள்ளத்து நீலத்தையே பூசினான்.

இந்தப் பத்து நாளும் நான் சும்மா இருக்கவில்லை. வாகனப் பரிசோதகர் ஒருவரிடம் காட்டி, பாதுகாப்பானது என்று எழுத்தில் வாங்கினேன். அவர் பின் கதவைத் திறந்து நீலத் தளத்தைப் பார்த்து, "நங்கூரம் எங்கே?" என்று கேட்டதையும் பதிந்துவைத்திருக்கிறேன்.

விலையைப் பற்றி எழுதப்போவதில்லை. ரீச்சர் தானாகக் குறைத்தார். பிலோமினா இன்னும் குறைக்கச் சொன்னாள். ஜெனிற்றா இருவரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

உப்புப் போட்ட தீர்த்தம்

தவணை தொடங்குவதற்கு முதல் நாள், ஞாயிறு காலை பூசை முடிந்து, கோவில் வாசலில் வேகனை மந்திரிக்கச் சுவாமியார் வந்தார். எங்கள் பக்கத்தில் வள்ளமானாலும் வாகனமானாலும் தீர்த்தம் தெளிக்காமல் ஓடாது. ரீச்சரை நானே வங்காலையிலிருந்து அவருடைய காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். பின் இருக்கை இல்லாததால் முன்னால் இருந்தார். வழி முழுவதும், "கிளச்சில இருந்து காலை எடுங்கோ மாஸ்டர்," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சுவாமியார் செபித்துவிட்டுத் தெளிக்கத் தொடங்கினார். பொனற்றுக்கு, கண்ணாடிக்கு, கதவுகளுக்கு. பின்பக்கம் போனபோது ரீச்சர் திடீரென்று கையை உயர்த்தினார்.

"சுவாமி, கொஞ்சம் நில்லுங்கோ! தீர்த்தத்தில உப்புப் போட்டு மந்திரிச்சதோ?"

சுவாமியார் திகைத்தார். "ஓம் ரீச்சர். முறைப்படி உப்பு மந்திரிச்சுப் போடுறதுதானே."

"அப்ப அடியில தெளிக்க வேண்டாம்!"

கோவில் வாசலே சிரித்தது. என்ன சங்கதி என்று தெரியாத சுவாமியாரும் சிரித்தார். அன்ரன் மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "தெளியுங்கோ சுவாமி, தெளியுங்கோ. பின்னுக்கு எவ்வளவு உப்பெண்டாலும் தாங்கும்," என்றான்.

புறப்படும்போது ரீச்சர் கொப்பியை ஜெனிற்றாவின் மடியில் வைத்தார். "இன்னும் முப்பது பக்கம் கிடக்கு," என்றார்.

முதல் நாள்

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். ஜெனிற்றா பலகையில் கையை ஊன்றி, ஒரே வீச்சில் முன் இருக்கைக்கு மாறினாள். சேலையைச் சரிசெய்தாள். நான் கதிரையைப் பின்னால் ஏற்றினேன். சில்லுகள் வாய்க்கால்களில் போய் இறங்கின. பிலோமினா ஜன்னலால் சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்து, "மெதுவா ஓட்டுங்கோ," என்றாள். பிறகு, "ஆனா பிந்தக்கூடாது," என்றாள்.

தாம்போதியில் சோளகம் காத்திருந்தது. நடுவுக்கு வந்ததும் பக்கவாட்டில் அடித்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். ஜெனிற்றா தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். கொஞ்சத் தூரம் போனதும் இன்னொரு தரம் பார்த்தாள். கதிரை அசையவில்லை. அதற்குப் பிறகு அவள் முன்னால்தான் பார்த்தாள்.

"அப்பா, காலுக்குப் பதிலாக் கையால பிரேக் பிடிக்கிற மாதிரிக் கார் மாத்தலாமாம். றசீன் நானா சொன்னவர்."

"எப்ப சொன்னவர்?"

"நான் கேட்டப்ப."

ஓட்டுகிற இந்த இருக்கையில் நான் இன்னும் எத்தனை நாள் இருப்பேன் என்று முதல் தடவையாக யோசித்தேன். அது வருத்தமான யோசனை அல்ல.

பள்ளிக்கூட வாசலில் இரண்டு பலகைகளைச் சாய்வாகப் போட்டு வைத்திருந்தார்கள். நான் பின் கதவைத் திறந்து, கதிரையை இறக்கினேன். அதற்குள் அவள் முன்னால் எதையோ எழுதி முடித்திருந்தாள். கதிரைக்கு மாறி, பையை மடியில் வைத்து, பலகையில் தானே ஏறினாள். வெள்ளைச் சீருடையில் நின்ற பிள்ளைகள் சிலர் முதலில் கதிரையைப் பார்த்தார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "குட் மோர்னிங் ரீச்சர்," என்று இழுத்துப் பாடினார்கள். மணி அடிக்க ஒன்பது நிமிடம் இருந்தது.

காரில் திரும்பி இருந்தபோது இருக்கையில் கொப்பி திறந்தபடி கிடந்தது. ரீச்சரின் கடைசி வரிக்குக் கீழே ஜெனிற்றாவின் எழுத்து. முதல் கட்டத்தில் தேதி; பத்திரிகை ஆசிரியருக்குக் கொடுத்த வாக்குப்படி அதை நான் இங்கே எழுதவில்லை. அடுத்தது: "தோட்டவெளி – விடத்தல்தீவு." தூரம். பெற்றோல். பழுது என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.

கடைசிக் கட்டம், கழுவியது. பதினைந்து வருடமாக "ஓம்" என்றே நிரம்பியிருந்த அந்த நிரலில் அவள் "இல்லை" என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு சரி போட்டிருந்தாள்.